டீக்கடையில் அறுபத்தொரு கூடுகள்

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் வேலையில் இருந்தபோது எங்கள் அலுவலகத்துக்கு ஒப்பந்த ஆராய்ச்சியாளராக வந்த பெண். இன்று அங்கேயே விஞ்ஞானி. "சார், ஃபீல்டு வேலைக்குப் புதுசா ஜிபிஎஸ் வாங்கப் போறோம். ஒன்பது மாடல், பதினோரு ஆப். எதுன்னு முடிவு பண்ண முடியல. உங்க அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தாங்களேன், ஃபைல்ல வெச்சுக்கறோம்" என்றாள்.

ஒரு பக்கம் போதாது தாயே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முகப்பேரில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், எனக்கு வேறு என்ன வெட்டி முறிக்கிற வேலை? ஆனால் ஃபைலில் வைக்க முடியாத மாதிரிதான் எழுதுவேன். ஓய்வு பெற்றவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

வேலையில் சேர்ந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன்களெல்லாம் அப்பன் வேலை பார்த்த கேட்டுக்குள்ளேயே போனார்கள். நான் தாவரவியல் படித்துவிட்டு, ஏரி ஏரியாகச் சுற்றி மரமும் பறவையும் கணக்கெடுக்கும் அரசுத் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்குப் போனேன். "மரத்த எண்றதுக்கு சம்பளம் குடுக்கறானா?" என்று கேட்ட அப்பா, முதல் சம்பளத்தைக் கையில் கொடுத்த பிறகும் நம்பவில்லை. திசைகாட்டியும் அளவுச் சங்கிலியுமாகச் சில வருடங்கள் ஓடின. அதன் பிறகு ஒரு நாள் மஞ்சள் நிறத்தில், பாதிச் செங்கல் கனத்தில், இரண்டு பென்சில் பேட்டரி போடுகிற கைக்கருவி வந்து சேர்ந்தது.

அதை வைத்துப் புள்ளி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மரத்தடியில் நின்று சுவிட்சைப் போடக் கூடாது. முதலில் திறந்த வெளியில் நின்று அதற்கு வானத்தைக் காட்ட வேண்டும். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தட்டுப்படும். நான்கு வந்ததும் எண் காட்டும். அதை நம்பக் கூடாது. மூலையில், பிழை எத்தனை மீட்டர் என்று ஒரு சின்ன எண் இறங்கிக்கொண்டே வரும். முப்பது, பதினெட்டு, ஒன்பது. ஐந்துக்குக் கீழே வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு மரத்தடிக்குப் போய் மறுபடியும் நிற்க வேண்டும். மூன்று தடவை எண் எடுத்து நோட்டில் பென்சிலால் எழுத வேண்டும்; பேனா மை ஏரித் தண்ணீரில் ஓடிவிடும். எண்ணுக்குப் பக்கத்திலேயே வாய்வழியாகச் சொல்லும் அடையாளத்தையும் எழுத வேண்டும்: 'மதகிலிருந்து வடகிழக்கே முந்நூற்றுப் பத்து நடை, இரட்டைக் கருவேலம்.' நாளையும் நேரத்தையும் போட்டுவிட்டுத்தான் அடுத்த மரம்.

நான் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். கருவி வந்த புதிதில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பனந்தோப்பைக் குறிக்கப் போனேன். அவசரத்தில் அது வானத்தைப் பிடிக்கும்வரை நிற்கவில்லை. திரையில் முந்தின நாள் வீட்டில் வைத்து அணைத்த இடமே நின்றிருக்கிறது. அதை அப்படியே எழுதிவிட்டேன். வரைபடம் போட்டுப் பார்த்தால் நாற்பது பனை மரங்கள் முகப்பேரில், எங்கள் வீட்டுச் சமையலறையில். "எனக்குக் கேஸ் அடுப்பு வெக்கவே எடமில்ல, நாப்பது பனை மரமா?" என்று என் மனைவி ஒரு மாதம் கிண்டல் செய்தாள். அவமானத்தில் அன்று ஒரு சங்கல்பம் எடுத்தேன். தெரியாமல் தப்பு செய்யலாம். தெரிந்து ஒரு பொய்ப் புள்ளி எழுத மாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் அதைக் காப்பாற்றினேன், கடைசி மூன்று மாதம் நீங்கலாக.

ஞானசேகரன் சார் எங்களுக்குத் துணை இயக்குநராக வந்தது என் கடைசி இரண்டு வருடங்களில். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார், அட்டெண்டருக்குக் கூட எழுந்து வழிவிடுவார். யாருக்கும் முடியாது என்று சொல்லவும் மாட்டார். அதற்குப் பதிலாகப் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, டக் என்று சத்தம் வந்ததும், "ஃபைல் போடுங்க, பாக்கலாம்" என்பார். டக் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது என்று எழுந்துவிடுவோம். அவருக்கு இருந்த ஒரே ஆசை தசமப் புள்ளி. நாம் எந்த மரத்தைச் சொன்னாலும், என்ன மரம் என்று கேட்க மாட்டார். "எத்தனை டெசிமல்?" என்றுதான் கேட்பார். ஆறாவது தசமம் வரைக்கும் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆறாவது தசமம் என்பது தரையில் அரைச் சாண் அளவு. பறவை கூட்டில் திரும்பி உட்கார்ந்தாலே அது மாறிவிடும்.

அவர்தான் 'கருவித் தேர்வுக் குழு' அமைத்தார். இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், மின்விசிறிக்குக் கீழே, நீள மேசையில் மூன்று போட்டியாளர்கள். ஒன்று, எங்கள் மஞ்சள் கருவியின் புதிய மாடல். இரண்டாவது, திவ்யா தன் போனில் வைத்திருந்த இலவச ஆப். சிக்னல் இல்லாத இடத்திலும், நாம் நிற்கிற இடத்தை நிற்கிற நேரத்திலேயே போனுக்குள் சேமித்துக்கொள்ளும். மூன்றாவது, ஒரு கம்பெனிப் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு கொண்டுவந்த ஆப்.

"எத்தனை டெசிமல்?" என்று ஆரம்பித்தார் சார்.

கருவி ஐந்து. திவ்யாவுடையதும் ஐந்து. டை கட்டியவர், "எட்டு சார்" என்றார்.

"ஆறு போதும். நாம பேராசைக்காரங்க இல்ல" என்றார் சார்.

அடுத்தது சோதனை. மூன்றையும் மேசையில் ஒரே நேரத்தில் முடுக்கினார்கள். இரண்டு போன்களும் அலுவலக வைஃபையைப் பிடித்துக்கொண்டு கண் மூடித் திறப்பதற்குள் இடத்தைக் காட்டின. மஞ்சள் கருவி பாவம், கூரைக்குக் கீழே உட்கார்ந்து செயற்கைக்கோள் தேடிக்கொண்டே இருந்தது.

"கூரை மறைக்குது சார். வெளிய எடுத்துக்கிட்டுப் போனா ரெண்டு நிமிஷத்துல புடிச்சிரும்" என்றேன்.

"ஆபீஸ்லயே வேலை செய்யாதது ஏரியில எப்படிங்க வேலை செய்யும்?" என்றார் சார். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேசைக்கடியில் என் காலையே மிதித்துக்கொண்டு அடங்கினேன்.

திவ்யா தன்னுடைய ஆப்பைச் சொன்னாள்.

"என்ன விலைம்மா?"

"இலவசம் சார்."

"இலவசமா? அப்ப கொட்டேஷன் எப்படி வாங்கறது? மூணு கொட்டேஷன் இல்லாத பொருளை எப்படித் தேர்ந்தெடுக்கறது?" பேனா மூடி டக் என்றது. திவ்யா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

டை கட்டியவரின் ஆப் வந்தது. பழைய கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி உத்தரவு. நான் ஒன்றைப் பூட்டவில்லை. என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதுவும் விதிமீறல்தான்.

இப்போது ஏரிக்கு வருகிறேன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருக்கும் ஓர் ஏரி, பெயர் வேண்டாம். அதன் உள்ளே, முழங்கால் தண்ணீரில், பதினோரு கருவேல மரங்கள். புத்தகத்தில் இராக்கொக்கு என்றிருக்கும், கரைக்காரர்கள் வக்கா என்பார்கள். அவை மழைக்காலம் முடிந்ததும் அங்கேதான் கூடு கட்டும். அந்த வருடம் அறுபத்தொரு கூடு. எல்லாவற்றிலும் முட்டை. நானும் திவ்யாவும் எங்கள் ஜீப் ஓட்டுநர் ஏகாம்பரமும் மூன்று நாள் நனைந்துகொண்டே எண்ணினோம். ஏகாம்பரம் காட்டுப்பாக்கத்துக்காரர். ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது ஃப்ளாட் விளைந்திருக்கிறது. எந்தச் சேற்றில் கால் வைக்கலாம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

புது ஆப்பில் கூட்டின் விவரத்தை மரத்தடியிலேயே நிரப்பிவிடலாம். 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏரிக்குள் சிக்னல் கிடையாது. கரையில், பாபு என்பவரின் டீக்கடை வாசலில் நின்றால் சிக்னல் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே நாங்கள் என்ன செய்தோம்? எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொண்டு கரையேறி, ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக, 'அனுப்பு', 'அனுப்பு' என்று அறுபத்தொரு தடவை அழுத்தினோம். பொத்தானை அழுத்துகிற இடத்தைத்தான் அந்த ஆப் கூட்டின் இடமாக எடுத்துக்கொள்கிறது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அழுத்தியதில் பாதி என் விரல். கூடவே பழக்க தோஷத்தில் மஞ்சள் கருவியை வைத்து நோட்டிலும் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் வரைபடம் வந்தது. சுவரளவுக்கு அச்சடித்து ஞானசேகரன் சார் அறையில் மாட்டியிருந்தார்கள். அறுபத்தொரு சிவப்புப் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து ஒரே குண்டுப் புள்ளியாகத் தெரிந்தன.

"பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்! எல்லாக் கூடும் ஒரே எடத்துல" என்றார் சார் பூரிப்போடு.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். புள்ளி தண்ணீரில் இல்லை, கரையில் இருந்தது. "சார், அது பாபு டீக்கடை."

பின்னால் நின்ற ஏகாம்பரம், "பாபு கடைல வடையே கெடியாது சார், வக்கா எங்கேந்து வந்துச்சு?" என்றார்.

சிரிக்கிற விஷயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்த ஏரியைத் தூர் வாரப் போகிறார்கள். மார்ச் முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும் என்பதால், திங்கட்கிழமை இயந்திரம் இறங்குகிறது. எங்கள் வரைபடப்படி, சிவப்புப் புள்ளியைச் சுற்றி ஐம்பது மீட்டர் வட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. மற்ற இடமெல்லாம் திறந்த களம். பதினோரு மரமும் அந்தத் திறந்த களத்தில். முட்டைகள் பொரிந்திருந்தன, குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரம் வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை.

சாரிடம் நோட்டைக் காட்டினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "டேட்டா மேல போயிடுச்சுங்க. திருத்தற வசதி இந்த வெர்ஷன்ல இல்ல. ஆப்லயே புது என்ட்ரி போட்டா ஏத்துக்குவாங்க. பென்சில்ல எழுதின நோட்டை யாருங்க ஏத்துக்குவாங்க?" என்றார். பேனா மூடியை எடுக்கப் போனார். டக் சத்தம் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நீங்களே ஒரு தடவ வந்து பாத்துருங்க சார்."

என்ன நினைத்தாரோ, சனிக்கிழமை காலையில் வந்துவிட்டார்.

பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏகாம்பரத்தின் தோளைப் பற்றியபடி தண்ணீரில் இறங்கினார். மரத்தடியில் நிமிர்ந்து பார்த்தார். கிளைக்குக் கிளை குஞ்சுகள், தலைமயிர் குத்திட்டு நிற்க, வாயைப் பிளந்துகொண்டு கத்தின. சொத்தென்று ஒன்று அவர் சட்டைத் தோளில் விழுந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. "அடேயப்பா... பசியா அதுங்களுக்கு?" என்று கேட்டார். முதல் தடவையாக டெசிமல் இல்லாத ஒரு கேள்வி. எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு போனை எடுத்து, விவரத்தை அவரே நிரப்பி, 'அனுப்பு' அழுத்தினார். சக்கரம் சுற்றியது.

"ஏங்க போக மாட்டேங்குது?"

"இங்க சிக்னல் இல்ல சார்."

"அப்ப நீங்கள்லாம் எப்படி அனுப்பினீங்க?"

"கரைக்குப் போய் சார். பாபு கடை வாசல்லேந்து."

போனையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கிவிட்டது, இனிமேல் கவலையில்லை என்று நான் ஏகாம்பரத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். சார் திரும்பினார். சேற்றில் முந்நூறு நடை நடந்து கரையேறினார். பாபு கடை வாசலில் நின்று, போனை உயர்த்திப் பிடித்து, பொத்தானை அழுத்தினார்.

"போயிடுச்சு" என்றார் திருப்தியாக. "திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடும், கவலப்படாதீங்க."

அறுபத்திரண்டு. கையிலிருந்த டீயை என் தலையிலேயே ஊற்றிக்கொண்டிருப்பேன். சூடாக இருந்ததால் தப்பித்தேன்.

திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது டீக்கடையைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். 'பறவைகள் கூடு கட்டும் பகுதி, உள்ளே நுழையாதீர்' என்று ஒரு பலகை வேறு. நாடாவுக்குள்ளே பாபு, பாய்லருக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் அநியாயம் இது? நான் இன்னா முட்டையா போட்டேன்? ஒரு ஆளு டீ குட்க்க உள்ள வர முடில!"

அதோடு போகவில்லை. ஏரிக்குள் இறங்கும் சரிவு டீக்கடையை ஒட்டித்தான் இருந்தது. பறவைகளுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று ரொம்பப் பொறுப்பாக அதை விட்டுவிட்டு, இயந்திரத்துக்கு வேறு வழி வெட்டியிருந்தார்கள். அந்த வழி நேராகப் பதினோரு மரங்களுக்குப் போனது. இயந்திரம் பாதி தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

இந்த வயதில் தண்ணீரில் ஓட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். ஓட்டுநர் இளைஞர்தான், இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"மரத்துல குஞ்சு இருக்குப்பா. நிறுத்து."

"மேப்புல இங்க ஒண்ணுமில்லையே சார்."

"மேப்ப வுடு. மேல பாரு."

பார்த்தார். "இருக்கு சார். கண்ணு தெரியாமலா இருக்கேன்? ஆனா பேப்பர்ல இல்லயே. மரத்த வுட்டுட்டா கான்ட்ராக்டர் என் சீட்ட கிழிச்சிருவாரு. நீங்க ஒரு பேப்பர் குடுங்க, நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

எனக்கு அதிகாரம் கிடையாது. தொழில்நுட்ப உதவியாளர் ஒரு மரத்தையும் காப்பாற்றுவதற்கு உத்தரவிட முடியாது, எண்ணத்தான் முடியும். நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன்.

ஏகாம்பரம் என் முழங்கையைப் பிடித்தார். "சார், ரிட்டைராவ மூணு மாசந்தான் கீது. யோச்சிக்கினு எய்துங்க."

"யோசிச்சா எழுத மாட்டேன் ஏகாம்பரம்."

'மேற்படி பதினோரு மரங்களைச் சுற்றி நூறு மீட்டருக்கு, மறு உத்தரவு வரும்வரை பணி நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று எழுதி, நாளும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். இளைஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லயே சார்."

ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டே கரைக்குப் போனார். ஜீப்பில் டிரிப் ஷீட்டுக்குக் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதைக் கொண்டுவந்து, "குத்துங்க, கூட நானும் உள்ள வரேன்" என்று நீட்டினார். குத்தினேன். 'வண்டி நல்ல நிலையில் உள்ளது' என்று நீல மையில் விழுந்தது. அரசு முத்திரையைப் பார்த்த இளைஞர் நிம்மதியாகி இயந்திரத்தைத் திருப்பினார்.

மூன்று வாரம் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு காலையில் போனேன். குஞ்சுகள் கிளையிலிருந்து கிளைக்குத் தாவி, தடுமாறி, பறந்துவிட்டன. தண்ணீரில் நின்றுகொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் மெமோ. பணியை அதிகாரமின்றி நிறுத்தியதாக ஒப்பந்ததாரர் புகார் கொடுத்திருந்தார், என் தாளின் நகலோடு. மெமோ நிலுவையில் இருந்தால் ஓய்வு பெற விடமாட்டார்கள், ஓய்வூதியமும் தொங்கும். விசாரிப்பவர் ஞானசேகரன் சார்.

"நான்தான் சார் எழுதினேன்" என்று உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னேன். "அந்த ஆப் தப்பு. அதை நிரூபிக்கறதுக்கு..."

"நான் அதைக் கேக்கல" என்றார். தாளை எடுத்தார். "இதுல பத்து மணி பத்து நிமிஷம், எடம் ஏரிக்குள்ளன்னு இருக்கு. பணியாளர் எங்க இருக்காங்கன்னு ஆப் பதிவு செய்யுது. ஒன்பதரையிலேந்து பன்னெண்டு வரைக்கும் நீங்க டீக்கடையில."

ஏரிக்குள் சிக்னல் இல்லை. கடைசியாகக் கிடைத்த இடத்திலேயே என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. "சார், அது..."

"டீக்கடையில இருந்தவர் ஏரிக்குள்ள எப்படிங்க கையெழுத்துப் போட முடியும்? சீலும் வண்டிச் சீல். இது நம்ம கடிதமே இல்ல." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "அன்னிக்கு இந்த நேரத்துல நான் டீக்கடையில, ஆப் காட்டற ஆறு டெசிமல் எடத்துல இருந்தேன், செயலியின் பதிவு சரியானதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, மெமோ இத்தோட முடிஞ்சுது."

அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் செய்கிறாரா, ஆப்பை நம்பித்தான் செய்கிறாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பேனா மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வீட்டில் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று எழுதிய நோட்டுகளும் நினைவுக்கு வந்தன. எழுதினேன்.

மெமோ ரத்தானது. மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். ஓய்வு பெற்றபின் ஆறு மாதம் கழித்து ஏகாம்பரம் சொல்லித்தான் தெரியும்: அந்த ஆப்பை மாவட்டம் முழுக்க விரிவாக்கியிருக்கிறார்களாம். அதன் துல்லியத்துக்குச் சான்றாக மூத்த களப்பணியாளர் ஒருவரின் எழுத்துப்பூர்வமான வாக்குமூலம் கோப்பில் இணைக்கப்பட்டிருக்கிறதாம்.

அது நான் எழுதியதுதான். தெரிந்தே எழுதிய ஒரே பொய்ப் புள்ளி. ஆறு தசமமும் சரியாக இருக்கும்.